அடுப்பங்கரைக் கணக்கு

"கரண்டு பில்லைக் குறைக்க ஒரு வழி சொல்லுங்க" என்றுதான் சிறு தொழில் நடத்துகிறவர்கள் பேச்சைத் தொடங்குவார்கள். செட்டிநாட்டுப் பக்கம் பலகாரம் போட்டு விற்பவர்கள் அப்படிக் கேட்டால் நான் பதிலுக்குக் கேட்பது: மாதம் எத்தனை சிலிண்டர்? பெரும்பாலும் உடனே பதில் வராது. கரண்டு பில் குறுஞ்செய்தியாக வந்து நிற்கிறது, தொகை கண்ணை உறுத்துகிறது. சிலிண்டர் அப்படி இல்லை. வாரத்துக்கு இரண்டு, தீர்ந்தபோது ஒன்று என்று வந்து போகிறது. கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு கல்லாவோடு மறந்துபோகிறது.

இந்த அத்தியாயத்துக்காக ஒரு பலகாரக்கூடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஊர் கோவிலூர். கொற்றவாளீஸ்வரர் கோயிலும் வேதாந்த மடமும் இருக்கும் ஊர், காரைக்குடிக்குப் பக்கம். கூடத்தை நடத்துபவர் ஓர் ஆச்சி. ஒரு சரக்கு மாஸ்டர், மாவு பிசையவும் பிழியவும் பொட்டலம் கட்டவும் நாலைந்து பெண்கள். இரண்டு பெரிய அடுப்பு, பாகுக்கு ஒரு சின்ன அடுப்பு. தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 40 கிலோ. மாதம் 26 நாள் வேலை என்றால் 1,040 கிலோ.

19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றில் 120 கிலோ பலகாரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு எட்டே முக்கால் சிலிண்டருக்குச் சற்றுக் குறைவாக ஆகும். சிலிண்டர் 1,900 ரூபாய் என்று போட்டால் ஏறத்தாழ 16,500 ரூபாய். (விலையைக் கணக்குக்காகப் போட்டிருக்கிறேன். வணிக சிலிண்டர் விலை பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியில் மாறும். நீங்கள் வாங்கிய விலையை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.) இதே கூடத்தில் விளக்கு, மின்விசிறி, மாவரைக்கும் இயந்திரம், குளிர்பெட்டி எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 750 யூனிட். சராசரியாக யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் 6,000, அதாவது மாதம் 3,000.

இப்போது சிலிண்டர் ஒன்றுக்கு 120 கிலோ என்பது 150 கிலோ ஆனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். மாதத்துக்கு ஏழு சிலிண்டர் போதும். மிச்சம் ஏறத்தாழ 3,300 ரூபாய். கூடத்தில் இருக்கிற அத்தனை விளக்கையும் விசிறியையும் நிரந்தரமாக அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தாலும் அவ்வளவு மிச்சப்படாது. அதனால் இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி அடுப்பைப் பற்றியது. மின்சாரம் பின்னால் வரும்.

முதலில் தராசு

எதையும் வாங்குவதற்கு முன்னால், எதையும் மாற்றுவதற்கு முன்னால், பதினைந்து நாள் எடை போட வேண்டும். வேறு வழி கிடையாது.

ஒவ்வொரு சிலிண்டரிலும் அதன் வெற்று எடை பொறித்திருக்கும். வந்த அன்று முழு எடையைப் போட்டுப் பாருங்கள். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் 19 கிலோ வர வேண்டும். குறைந்தால் கொண்டுவந்தவர் முன்னாலேயே கேளுங்கள், எடை பார்த்து வாங்குவது உங்கள் உரிமை. அதன்பிறகு தினமும் அடுப்பை அணைத்ததும் ஒரு முறை எடை. அன்றைக்கு ஆன கேஸை அன்றைக்குப் போட்ட பலகாரத்தின் எடையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும்: ஒரு கிலோ பலகாரத்துக்கு இத்தனை கிராம் கேஸ். மேலே சொன்ன 120 கிலோ கணக்கில் அது 158 கிராம். இந்த ஓர் எண்ணைத்தான் இனி ஆச்சியும் மாஸ்டரும் பேசிக்கொள்ள வேண்டும். "இந்த மாசம் கேஸ் கூட ஆயிருக்கு" என்று சொன்னால் "ஆர்டர் கூட வந்துச்சு ஆச்சி" என்று பதில் வந்துவிடும், அத்தோடு பேச்சு முடிந்தது. "போன வாரம் 158, இந்த வாரம் 175" என்று சொன்னால் அங்கே சாக்குக்கு இடமில்லை.

சிலிண்டரைத் தினமும் தராசில் ஏற்றி இறக்குவது தொல்லை என்றால், தட்டையான தரைத் தராசு ஒன்றின் மேலேயே அதை நிறுத்திவிடலாம். நகர்த்துவதற்கு முன் வால்வை மூடிவிடுங்கள், ரப்பர்க் குழாய் இழுபடாமல் இருக்கட்டும்.

உண்மையில் எவ்வளவு கேஸ் போதும்? பலகாரம் வேகும்போது எண்ணெயில் நடக்கும் பெரிய வேலை மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாவதுதான். சலசலவென்று வரும் நுரை அந்தத் தண்ணீர். ஒரு கிலோ முறுக்குக்கு ஏறத்தாழ 450 கிராம் தண்ணீர் வெளியேறுகிறது என்று கொண்டால், அதைச் சூடாக்கி ஆவியாக்க 275 கிலோகலோரி. மாவைச் சூடாக்க இன்னொரு 45. மொத்தம் 320. ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 10,900 கிலோகலோரி இருக்கிறது. அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு சட்டிக்குள் போனாலே ஒரு கிலோ பலகாரத்துக்கு 75 கிராம் கேஸ் போதும். நம் கூடத்தில் 158 கிராம் ஆகிறது. மீதி எங்கே போகிறது என்று தேடுவதுதான் அடுத்த வேலை. 75 வரை யாரும் இறங்க வேண்டியதில்லை. 125-க்கு இறங்கினாலே மேலே சொன்ன 3,300 ரூபாய் கைக்கு வந்துவிடும்.

சட்டி காத்திருக்கும் நேரம்

நான் பார்த்த அடுப்பங்கரைகளில் அதிக கேஸ் போவது பலகாரம் வேகும்போது அல்ல, எதுவும் வேகாதபோது. காலையில் காதில் விழும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"எண்ணெய் காயட்டும்னு அப்பவே பத்த வச்சுட்டேன் ஆச்சி."

"மாவு இன்னும் சலிக்கவே இல்லையேப்பா!"

"அது ஆயிரும் ஆச்சி, அஞ்சு நிமிஷம்."

அந்த அஞ்சு நிமிஷம் இருபது நிமிஷமாகும். எண்ணெய் காய்ந்து புகையும், மாஸ்டர் தீயைக் குறைப்பார், மாவு வந்ததும் கூட்டுவார். புகைகிற எண்ணெயில் இரண்டு காசு எரிகிறது: ஒன்று கேஸ், மற்றது எண்ணெய். எண்ணெய் எவ்வளவு நேரம் சும்மா கொதிநிலையில் நிற்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கெடும். பொரித்த எண்ணெயில், அது கெடக் கெடக் கூடும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. ஆகவே சட்டியைக் காயப்போட்டுக் காத்திருப்பது கேஸ் கணக்கோடு முடிகிற விஷயம் இல்லை.

விதி எளிது. முதல் ஈட்டுக்கான மாவு பிழியத் தயாராகப் பலகையில் இருக்கும்போதுதான் தீப்பெட்டியைத் தொட வேண்டும். பிழிகிற கை அடுப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். சட்டி ஓர் ஈட்டை நான்கு நிமிடத்தில் முடித்துவிட, அடுத்த ஈடு பிழிந்து வர ஆறு நிமிடம் ஆனால், மூன்றில் ஒரு பங்கு நேரம் எண்ணெய் சும்மா கொதிக்கிறது. இதற்கு மருந்து பிழிகிற இடத்தில் இன்னொரு ஆள், அல்லது இரண்டு அடுப்பில் ஒன்றை மூடுவது. இரண்டு சட்டியை அரைகுறையாக ஓட்டுவதைவிட ஒரே சட்டியை இடைவிடாமல் ஓட்டுவது மேல். மாஸ்டர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரண்டு அடுப்பு எரிந்தால்தான் வேலை நடப்பதாக ஒரு தோற்றம். ஒரு நாள் ஒரு சட்டி, மறுநாள் இரண்டு சட்டி ஓட்டி, இரண்டு நாளும் எடை போட்டுக் காட்டுங்கள். வாதம் தேவைப்படாது.

15 கிலோ எண்ணெயை அறைச் சூட்டிலிருந்து 180 டிகிரிக்குக் கொண்டுபோக 1,100 கிலோகலோரிக்குச் சற்று மேல் ஆகும், கேஸில் கால் கிலோ. நாளுக்கு ஒரு முறை என்றால் மாதம் ஆறேழு கிலோ. காலையில் கொஞ்சம், பத்து மணிக்கு நிறுத்தி மத்தியானம் கொஞ்சம், சாயங்காலம் 'ஒரே ஓர் ஆர்டருக்காக' இன்னும் கொஞ்சம் என்று முழுக்க ஆறவிட்டு மூன்று முறை காயவைத்தால் மாதம் ஒரு சிலிண்டர் எண்ணெயைச் சூடாக்கியே தீர்ந்துபோகும். அந்தச் சாயங்கால ஆர்டரை மறுநாள் காலை ஈட்டோடு சேர்க்க முடியுமா என்று வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பலருக்கு அவசரமே இருக்காது.

ஈடுகளின் வரிசையும் கணக்கில் சேரும். வெள்ளையாக வர வேண்டிய தேன்குழல் முதலில், காரச் சரக்கு பிறகு, அதிரசம் கடைசியில் என்பது எண்ணெய் கெடாமல் இருக்கப் பழைய கைகள் கண்ட வரிசை. வெல்லம் எண்ணெயைக் கறுக்கவைக்கும். அதே வரிசை கேஸுக்கும் ஒத்துவருகிறது. அதிரசத்துக்குத் தீ மட்டாக இருந்தால் போதும், ஏற்கனவே காய்ந்து கிடக்கும் எண்ணெயின் சூட்டிலேயே பாதி வேலை ஆகிவிடும். கடைசி ஈட்டுக்கு ஓரிரு நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துப் பழகினால் அதுவும் மிச்சம்.

மாவில் தண்ணீர். தேவைக்கு மேல் ஊற்றிப் பிசைந்த மாவில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு லிட்டரையும் ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் செலவழிக்கிறீர்கள், பலகாரம் எண்ணெயும் கூடக் குடிக்கும். மணகோலத்துக்குப் பாகு காய்ச்சுவதும் அப்படியே. வெல்லம் கரைவதற்குத் தேவையான அளவு தண்ணீர் ஊற்றினால் போதும். குடத்தைச் சாய்த்துக் கண்ணளவாக ஊற்றிவிட்டு, பதம் வரட்டும் என்று அரைமணி நேரம் கிண்டுவது ஊற்றிய தண்ணீரைக் காசு கொடுத்து வெளியேற்றுவதுதான்.

தீ, சட்டி, காற்று

தீயின் நிறம் நீலமாக இருக்க வேண்டும். நுனி மஞ்சளாக இருந்தால் கேஸ் முழுதாக எரியவில்லை. சட்டியின் அடியில் கரி பிடிப்பது அதற்குச் சாட்சி. அந்தக் கரி பின்னர் சூட்டைச் சட்டிக்குள் விடாமல் போர்வை மாதிரி தடுக்கும். பர்னர் துளைகளில் மாவும் எண்ணெயும் அடைத்திருக்கும். வாரம் ஒரு நாள் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, காயவைத்து மாட்ட வேண்டும். துளையை ஆணி வைத்துப் பெரிதாக்குகிறவர்கள் உண்டு. தீ சீறிக்கொண்டு வரும், சட்டி சூடாகிற வேகம் கூடாது, சிலிண்டர் மட்டும் சீக்கிரம் தீரும்.

தீ சட்டியின் அடிக்குள் அடங்க வேண்டும். பக்கவாட்டில் ஏறி வெளியே நாக்கு நீட்டினால் அந்த நாக்கு மாஸ்டரின் கையைத்தான் சூடாக்கும். அடுப்புக்கும் சட்டிக்கும் நடுவே சுற்றிலும் இரும்புத் தகடு ஒன்றை வளையமாக வைத்தால், காற்று உள்ளே போக ஓரிடமும் புகை வெளியேற ஓரிடமும் விட்டு, சூடு சட்டியைத் தழுவிக்கொண்டு ஏறும். லேத் பட்டறையில் சொன்னால் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுப்பார்கள். காசுக்குக் காசு இந்த அத்தியாயத்தில் நான் சொல்லும் வேறெதுவும் இந்தத் தகட்டுக்கு ஈடாகாது. ஆனால் காற்று வழியை அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் தீ மஞ்சளாகும், அறையில் நச்சுப் புகை தேங்கும்.

மாஸ்டருக்கு வியர்க்கிறது என்று அடுப்புக்கு நேராக மேசை விசிறியைத் திருப்பிவைப்பது எங்கும் நடக்கிறது. பாவம், நிற்கிறவருக்குத்தான் தெரியும் அந்த வெக்கை. ஆனால் காற்று பட்டு ஆடுகிற தீ சட்டிக்குச் சூட்டைத் தராது. விசிறி அவர் முதுகுப் பக்கம் மேலிருந்து வீசட்டும், தீயைத் தொடாமல்.

சிலிண்டர் 'தீர்ந்துவிட்டது' என்று திருப்பி அனுப்புவதற்குமுன் ஒரு முறை எடை போடுங்கள். பெரிய அடுப்பு வேகமாக இழுக்கும்போது உள்ளே திரவம் ஆவியாகும் வேகத்தில் சிலிண்டர் குளிர்ந்து, வெளிப்பக்கம் வியர்த்து, சமயத்தில் உறைபனிகூடப் படியும். அழுத்தம் குறையும், தீ சோரும். தீர்ந்ததென்று கழற்றினால் உள்ளே ஒன்றிரண்டு கிலோ கேஸ் மிச்சம் இருக்கலாம். அதைக் காசு வாங்காமல் ஏஜென்சிக்கே திருப்பிக் கொடுக்கிறோம். இரண்டு மூன்று சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்து ஓட்டினால் ஒவ்வொன்றும் மெதுவாக இழுபடும், கடைசிவரை தீரும். இணைப்பை ஏஜென்சி மூலம், உரிய ஆளை வைத்தே செய்ய வேண்டும். சிலிண்டரை வெந்நீரில் நிறுத்துவது, சாய்ப்பது, தலைகீழாகக் கவிழ்ப்பது எல்லாம் உயிர்ப் பகையை விலைக்கு வாங்குவது.

இன்னும் இரண்டு. வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 'எல்லாரும் வைக்கிறார்கள்' என்பது அதிகாரி வரும்வரை மட்டும் செல்லும். தீபாவளிக்கென்று சிலிண்டரைச் சேர்த்துவைப்பவர்கள், 100 கிலோ எரிவாயுவுக்கு மேல் ஓரிடத்தில் வைக்க உரிமம் வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 19 கிலோ சிலிண்டரில் ஐந்து, அதற்கு மேல் இல்லை.

விறகு எரிப்பவர்களுக்கு

விறகடுப்புப் பலகாரத்துக்குத் தனி மவுசு உண்டு. அதைச் சொல்லியே விற்பவர்களும் உண்டு. சிவகங்கை, ராமநாதபுரம் சீமையில் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமில்லை, கேஸைவிட விலை குறைவு. ஆனால் திறந்த மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒன்று, மிஞ்சிப்போனால் ஏழில் ஒன்றுதான் பாத்திரத்துக்குப் போகும்.

விறகு வாங்கும்போது எடைக்குக் காசு கொடுக்கிறோம். வெட்டிச் சில நாளான பச்சை விறகில் பாதிக்குப் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். தண்ணீரை எடை போட்டு வாங்கி, அதை ஆவியாக்க மறுபடி விறகையே எரிக்கிறோம். கோடையில் வாங்கி, பிளந்து, தரையில் படாமல் கட்டையின் மேல் அடுக்கி, மேலே கூரை போட்டு ஐப்பசி மழைக்குள் காயவைத்தவருக்கு அதே பணத்தில் கூடுதல் சூடு. அடுப்புக்கு அடியில் சாம்பல் கீழே விழ ஒரு கம்பிச் சட்டமும், பின்னால் ஒரு புகைபோக்கியும் போட்டுவிட்டால் விறகும் குறையும், பெண்களின் கண்ணும் பிழைக்கும். இரண்டாவதைக் கணக்கில் எப்படிப் போடுவது என்று கேட்காதீர்கள். போட்டே ஆக வேண்டும்.

மீட்டர்

மின்சாரத்தில் முதல் கேள்வி எத்தனை யூனிட் என்பதல்ல, எந்தக் கட்டணப் பிரிவு என்பது. கடை, ஓட்டல்களுக்கு ஒரு பிரிவு, தொழிற்கூடங்களுக்கு ஒரு பிரிவு. 12 கிலோவாட்டுக்கு மேற்படாத சிறுதொழில், குறுந்தொழில் உற்பத்திக்கூடங்களுக்குத் தனியாக ஒரு பிரிவு. யூனிட் விலையில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு உண்டு. பலகாரம் தயாரிக்கும் கூடம் கடைக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தால், குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றை எடுத்துக்கொண்டு மின் பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். விற்பனைப் பகுதியும் தயாரிப்புப் பகுதியும் ஒரே மீட்டரில் இருந்தால் சிக்கல். சுவர் வைத்துப் பிரித்து இரண்டு இணைப்பு வாங்க முடியுமா என்பதையும் அங்கேயே கேட்கலாம். 2022 செப்டம்பர் 10 முதல் புதிய கட்டண முறை நடப்பில் இருக்கிறது. அதன்பின் கட்டணம் ஆண்டுதோறும் ஜூலையில் மாறிவருவதால், போன வருடக் கணக்கை வைத்து இந்த வருடம் முடிவெடுக்காதீர்கள்.

நிலைக் கட்டணம் என்று பில்லில் ஒரு வரி இருக்கும். அது நீங்கள் வாங்கிவைத்திருக்கும் மின்பளுவுக்கு, கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று போடப்படுவது. ஒரு காலத்தில் பெரிய மாவு மில் ஓடிய இடம், இப்போது மில் இல்லை, பளு மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் ஓடாத மில்லுக்கு வாடகை கட்டுகிறீர்கள். குறைத்து எழுதிக் கொடுங்கள். ஆனால் தீபாவளி நேரத்தில் ஓடும் எல்லா இயந்திரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் குறையுங்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. பழைய சோக் வைத்த குழல் விளக்கு 50 வாட்டுக்கு மேல் இழுக்கும், அதே வெளிச்சத்துக்கு எல்இடி 20. எட்டு விளக்கு, பத்து மணி நேரம், இரண்டு மாதத்தில் 52 வேலை நாள் என்றால் 130 யூனிட்போல மிச்சம். பழைய மின்விசிறி 75 வாட், பிஎல்டிசி விசிறி 30 வாட். ஐந்து விசிறிக்கு 115 யூனிட்போல மிச்சம். விளக்கை உடனே மாற்றுங்கள். விசிறியை, பழையது கெடும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும், ஓடுவதைத் தூக்கிப் போடும் அவசரம் இல்லை. மாவரைக்கும் இயந்திரத்தின் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், மோட்டார் எத்தனை முறை சுற்றுக் கட்டியது என்று கேளுங்கள். கவனமில்லாமல் சுற்றுக் கட்டிய மோட்டார் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடக் குடிக்கும். குளிர்பெட்டி அடுப்புச் சுவரை ஒட்டி நின்றால் ஓரிடம் மாற்றி நிறுத்துங்கள், அதற்குச் செலவே இல்லை.

இன்வெர்ட்டரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மின்வேதியியலுக்கென்றே நாட்டுக்கு ஓர் ஆய்வு நிலையம் வேண்டும் என்றபோது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். அந்த நிலையம்தான் பேட்டரி ஆராய்ச்சியில் பெயர்பெற்ற 'செக்ரி'. அதன் மதில் சுவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் கடைகளில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வடிநீர் ஊற்றி ஆறு மாதம் ஆகியிருக்கும், முனைகளில் பச்சை பூத்திருக்கும். அப்படிப்பட்ட பேட்டரி எப்போதும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், நிறையாது. ஏற்றும் மின்சாரத்தில் ஒரு பங்கு வீணாகிவிடும். மாதம் ஒரு முறை நீர்மட்டம் பார்த்து, முனையைத் துடைத்து வாசலின் தடவினால் போதும்.

பழைய வீட்டின் அடுப்படி

செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வரிசையாகப் போய்க் கடைசியில் அடுப்படி வரும், திறந்த முற்றத்தை ஒட்டி. கல்யாணத்துக்கு நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைத்த இடம், ஒரு புகை வெளியேற்றும் விசிறிகூட இல்லாமல். சூடு மேலே ஏறி முற்றத்து வழியாகப் போய்விடும், கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காலுக்குக் குளிரும். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டு ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுப்பார்கள். எரிபொருளே இல்லாமல் ஒரு தொழில் நடக்கிறது நம் பக்கத்து ஊரில்!

இப்படிப்பட்ட வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்துப் பலகாரக்கூடம் நடத்துபவர்கள், முற்றத்தின் மேல் தகரம் போட்டு மூடுவதைத்தான் முதல் வேலையாகச் செய்கிறார்கள். மழைக்காக என்பார்கள். பிறகு உள்ளே வெக்கை தாங்காமல் நாலு விசிறி, பகலிலும் விளக்கு. மூடத்தான் வேண்டுமென்றால் நாலு பக்கமும் ஒரு முழம் இடைவெளி விட்டு உயர்த்திப் போடுங்கள், இரண்டு மூன்று தகட்டுக்குப் பதில் ஒளி ஊடுருவும் தகடு வையுங்கள். ஏற்கனவே தகரக் கொட்டகையில் இருப்பவர்கள் சித்திரைக்கு முன்னால் கூரைக்கு மேல் சுண்ணாம்பு அடித்துவிடலாம். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். மழையில் கரைந்துபோகும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். ஆனால் செலவு சொற்பம்.

மாடியில் சூரியன்

சூரியத் தகடு விற்பவர்கள் வாசலுக்கே வருகிறார்கள். ஒரு கிலோவாட் தகட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு நாலு யூனிட்போலத் தரும். 3 கிலோவாட் போட்டால் 12 யூனிட், நம் கூடத்தின் தேவைக்குக் கிட்டத்தட்டச் சரி. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பலகாரக்கூடம் கண் விழிப்பது நாலரை மணிக்கு, சூரியன் வேலை செய்யத் தொடங்குவது எட்டுக்குப் பிறகு. மத்தியானம் நீங்கள் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் வழிந்து வெளியே போகும். கடை, தொழில் இணைப்புகளில் வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நீங்கள் வாங்கும் யூனிட்டின் விலையைவிடக் குறைவு. ஒன்றிய அரசு 2024-இல் கொண்டுவந்த சூரிய வீடு மானியம் வீட்டு இணைப்புகளுக்கு மட்டும். விற்பனையாளர் அந்த மானியத்தைக் காட்டிக் கடைக்கு விலை சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

ஆகவே தகடு போடுவதற்கு முன் மாவரைப்பதையும் குளிர்பெட்டியின் கனத்த வேலையையும் பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் நகர்த்த முடியுமா என்று பார்த்துவிட்டு, பகலில் நீங்களே தின்று தீர்க்கிற அளவுக்கு, ஒரு கிலோவாட்டோ ஒன்றரையோ, போடுங்கள். பழைய ஓட்டுக் கூரையின் மேல் வேண்டாம். ஓடும் உடையும், ஒழுகும், பிரித்து மாற்ற ஆளும் கிடைப்பதில்லை. என் கருத்தில் பலகாரக்கூடத்துக்குத் தகடு மூன்றாவது நான்காவது ஆண்டு வேலை.

அரசு தருவது

புதிதாகத் தொடங்கிய குறு உற்பத்தி நிறுவனங்களுக்கு முதல் 36 மாதம் மின் கட்டணத்தில் 20 விழுக்காடு மானியம் தமிழக அரசின் சிறுதொழில் துறையில் உண்டு. ஆற்றல் தணிக்கை செய்துகொள்ளும் செலவில் 75 விழுக்காட்டைத் திருப்பித் தரும் திட்டமும் இருக்கிறது. இரண்டுக்கும் சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டும். 40 கிலோ போடும் கூடத்துக்குத் தணிக்கையாளர் தேவையில்லை, தராசு போதும். நாளைக்கு 400 கிலோ போகும்போது அவரைக் கூப்பிடலாம். 20 விழுக்காட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். உற்பத்தி தொடங்கிய தேதிக்கும் மின் இணைப்புக்கும் உரிய தாள்களை முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் போட்டுவையுங்கள்.

கையில் 5,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் நான் செலவழிக்கும் வரிசை: தரைத் தராசு, அடுப்பைச் சுற்றும் தகடு, பர்னர் பழுது, நீளத் தண்டுள்ள எண்ணெய் வெப்பமானி. இதில் வெப்பமானியை மாஸ்டர் கையில் கொடுக்கும்போது கொஞ்சம் பக்குவம் வேண்டும். மாவைக் கிள்ளிப் போட்டு எண்ணெயின் சூட்டைச் சொல்லுகிற கை அது. "உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும் மாஸ்டர், புதுப் பிள்ளைங்களுக்குக் கத்துக்கொடுக்க வச்சுக்கங்க" என்று கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஒரு மாதம் கழித்து அவர்தான் அதை அதிகம் பார்ப்பார்.

எடை போடுவதை ஐப்பசியில் தொடங்காதீர்கள். தீபாவளி ஆர்டர் நெருக்கத்தில் யாரும் நோட்டைத் தொட மாட்டார்கள், தொட்டாலும் எழுதியது எண்ணெய்க் கறையில் தெரியாது. ஆடியில் கல்யாணம் இல்லை, சீர்ப் பலகாரம் இல்லை, அடுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு. அப்போது பதினைந்து நாள் எழுதுங்கள், ஆவணியில் தகட்டையும் பர்னரையும் சரிசெய்யுங்கள், புரட்டாசியில் மறுபடி பதினைந்து நாள். இரண்டு எண்களையும் சுவரில் கரித்துண்டால் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுத் தீபாவளி மாவுக்கு அரிசி ஊறப்போடலாம்.